சுவரில் ஏறிய கவுன்

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் நாம் விட்டுவந்தபோது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அந்தப் பெரிய சுவர் மொட்டையாக நின்றுகொண்டிருந்தது. சுவருக்கு முன்னால் மூங்கில் சாரம். சாரத்துக்கு முன்னால் நம் புகைப்படக்காரன் லென்ஸ். "அன்றாட வாழ்க்கைதான் என்னோட பல்கலைக்கழகம்" என்று ஒரு பேட்டிக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அந்தப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தில் அவன் சொந்த வீடு மட்டும் கிடையாது.

லென்ஸ் என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். செருப்புத் தைப்பவரின் கை, மூட்டை தூக்குகிறவரின் முதுகு, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கால்கள் என்று படம் எடுத்து, அவற்றை ஆள் உயரத்துக்கு அல்ல, கட்டட உயரத்துக்குப் பெரிதாக்கி, ஊர்ச் சுவர்களில் ஒட்டுவது அவன் தொழில். முகம் மட்டும் எடுக்க மாட்டான். "முகம் காட்டினா அது ஒருத்தரோட படம். காட்டலைன்னா எல்லாரோட படம்" என்பான். எந்தப் பேட்டியிலும் இந்த வாக்கியம் தவறியதில்லை.

அவன் மனைவியும் படம் எடுக்கிறவள்தான். ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுக்கிறாள். லென்ஸின் தங்கை சிட்டு 'அண்ணி' என்று கூப்பிடப்போய், இப்போது தெருவே அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுகிறது. அண்ணி எடுக்கிற படங்களிலும் முகம் இருப்பதில்லை. ஆனால் அவற்றுக்கு யாரும் திறப்பு விழா வைப்பதில்லை.

சிட்டு தன் மகளைத் தூக்கிக்கொண்டு புருஷன் வீட்டைவிட்டு வெளியேறி இது ஐந்தாவது மாதம். அவள் எங்கே இருக்கிறாள் என்பது லென்ஸுக்கும் அண்ணிக்கும் மட்டும்தான் தெரியும். பெற்ற தாய்க்குக்கூடச் சொல்லவில்லை. அந்தத் தாயிடம், அதாவது அண்ணியின் மாமியாரான அத்தையிடம், ஒரு விஷயம் போனால் அது ஒலிபெருக்கியில் போன மாதிரி.

மாப்பிள்ளை தையல்காரர். கத்திப் பேசி யாரும் கேட்டதில்லை. சிட்டு கிளம்புவதற்கு முந்தின வாரம், கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டே அவளிடம் மெதுவாகச் சொன்னாராம், தான் தைத்த துணி உலகத்தில் எந்த மூலையில் கிடந்தாலும் தனக்கு அடையாளம் தெரியும் என்று. துணியைப் பற்றித்தான் சொல்கிறார் என்று முதலில் நினைத்தாளாம் சிட்டு.

இன்று மாலை திறப்பு விழா.

சுவருக்கு வரவேண்டிய படம் காலியான ஒரு சலூன் நாற்காலி. ஆனால் நகர அழகுக் குழுவின் தலைவிக்கு அந்த நாற்காலியில் நம்பிக்கை போதவில்லை. அன்றாட மக்கள்மேல் அந்த அம்மாளுக்குப் பெரிய மதிப்பு உண்டு. காரின் கண்ணாடியை இறக்காமலே அவர்களைப் பார்த்துக் கையசைப்பார். "நம்பிக்கை தெரியற மாதிரி ஏதாவது குடுங்களேன்" என்று கேட்டிருக்கிறார். லென்ஸும் கடைசி நேரத்தில் வேறு படம் கொடுத்துவிட்டான். என்ன படம் என்று பெண்டாட்டியிடம் சொல்லவில்லை. வந்து பார்த்து அசரட்டும் என்று விட்டுவிட்டான்.

காலையில் கிளினிக்குக்குப் போகிற பஸ்ஸிலிருந்து அண்ணி சுவரைப் பார்த்தாள். இந்த மாதிரிப் படங்களை நீள நீளத் தாள்களாக அச்சடித்து, மேலிருந்து கீழாக வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டே வருவார்கள். மேல் வரிசை மட்டும் ஏறியிருந்தது. வானம். அதில் ஒரு கொடிக்கயிறு. கயிற்றில் ஆளை விழுங்குகிற அளவில் துணி கவ்விகள். மற்றதெல்லாம் வெறும் சுவர்.

துணி காய்கிற படம் என்று நினைத்துக்கொண்டாள். அழகாகத்தான் இருந்தது. ஆனாலும் பஸ் திரும்பும் வரை அவள் பார்வை அந்தக் கவ்விகளை விட்டு வரவில்லை. அதில் ஒன்று உடைந்து, நூலால் கட்டியிருந்தது. எங்கேயோ பார்த்த கட்டு.

மத்தியானத்துக்கு முன்னால் ஒரு லாரி டிரைவரின் நெஞ்சைப் படம் எடுக்க நிறுத்தியிருந்தாள். "மூச்சை நல்லா இழுங்க... அப்படியே பிடிங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வந்து பொத்தானை அழுத்தினாள். அந்த நேரம் பார்த்து வரவேற்பில் இருக்கிற பெண் ஓடிவந்து தன் போனை மூக்குக்கு நேரே நீட்டினாள். உங்க வீட்டுக்காரர் சுவர்தான் ஊர் முழுக்கச் சுத்துது என்று சிரித்தாள்.

பாதிச் சுவர் நிறைந்திருந்தது. கொடியின் நடுவில் ஒரு குழந்தையின் கவுன், பச்சைக் கட்டம் போட்டது. வெயில் அதற்குள் புகுந்து வந்தது. கவுனில் ஒரு பாக்கெட். நிஜத்தில் உள்ளங்கை அகலம் இருக்கிற பாக்கெட் சுவரில் ஒரு வீட்டுக் கதவு அளவுக்கு இருந்தது. அதைச் சுற்றி ஓடிய சிவப்பு நூல் கயிறு மாதிரி தடித்துத் தெரிந்தது. இரண்டு மூலையிலும் அம்பு முனை போல ஒரு சின்ன முக்கோணத் தையல்.

மாப்பிள்ளை எந்தத் துணியில் பாக்கெட் வைத்தாலும் துணியின் நிறத்தில் நூல் போட மாட்டார். மூலையில் அந்த அம்பு முனை இல்லாமலும் விட மாட்டார்.

அண்ணி போனை வாங்கி, பெரிதாக்கி, மறுபடி பெரிதாக்கிப் பார்த்தாள். கவுனுக்குப் பக்கத்தில் ஒரு பெட்ஷீட். அதன்மேல் கொடியை நோக்கிக் கையை நீட்டியபடி ஒரு பெண்ணின் நிழல்.

"மேடம்..." என்று உள்ளேயிருந்து ஈனமான குரல் வந்தது. கன்னம் இரண்டும் உப்பி, கண் பிதுங்கி நின்றுகொண்டிருந்தார் டிரைவர். "விட்டுறட்டுமா?"

மூச்சை விடச் சொல்ல மறந்துபோயிருந்தாள்.

லென்ஸின் போன் அடித்தது, அடித்தது, எடுக்க ஆளில்லை. பேட்டி நேரத்தில் போனைச் சத்தமில்லாமல் வைத்துவிடுவான். சிட்டுவைக் கூப்பிட்டுப் பயனில்லை. அவள் ரொட்டிகளை உறையில் அடைக்கிற வேலை பார்க்கும் தொழிற்சாலையில், வேலை முடியும்வரை போனைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற குழந்தையைக் கீழ்வீட்டுக் குடைக் கடைக்காரர் மனைவிதான் பார்த்துக்கொள்வாள். அந்தம்மா நம்பர் அண்ணியிடம் இல்லை.

அப்போதுதான் அத்தை கூப்பிட்டார். விழாவுக்கு எந்தப் பட்டுப்புடவை கட்டுவது என்பதில் ஆரம்பித்து, மூட்டுவலியைத் தொட்டு, யார் யாரை அழைத்திருக்கிறார் என்பதற்கு வந்தார். எல்லாரையும் அழைத்திருந்தார். பல் டாக்டரைக்கூட விடவில்லை.

"மாப்பிள்ளையையும் கூப்பிட்டுட்டேன்மா. நல்ல காரியத்துல பார்த்துக்கிட்டா மனசு இளகும். எத்தனை நாளைக்குத்தான் இவ முறுக்கிக்கிட்டு இருப்பா?"

"அத்தை, அவரை வர வேண்டாம்னு சொல்லுங்க. இப்பவே சொல்லுங்க."

"சொல்றதுக்கென்ன, கிளம்பிட்டாரே. வர்ற வழியில நூல் வாங்கணுமாம். எவ்வளவு மரியாதையாப் பேசினார் தெரியுமா? சிட்டு வருவாளான்னு ஒரு வார்த்தை கேக்கலியே."

கேட்காததுதான் அண்ணிக்கு உறைத்தது.

அரைநாள் லீவு சொன்னாள். கிளம்பும்போது தன் லாக்கரின் அடியில் கிடந்த ஒரு பழுப்பு உறையை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். சிட்டு பத்திரமாக வைக்கச் சொல்லிக் கொடுத்தது. அண்ணனிடம் மட்டும் காட்டக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு கொடுத்தது.

சுவரடியில் பசை வாளிகளும் தாள் சுருள்களும் கிடந்தன. கடைசி வரிசை ஒன்றுதான் பாக்கி. லென்ஸ் கழுத்தில் புதுத் துண்டு மாதிரி ஏதோ சுற்றிக்கொண்டு, கண்ணை இடுக்கி மேலே பார்த்தபடி நின்றான். மனைவியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வெயில் துணிக்குள்ள பூந்து வருது பாத்தியா?"

"யாரு கவுன் இது?"

"ஒரு குழந்தையோட கவுன்."

"எந்தக் குழந்தை?"

லென்ஸ் கையை விசிறினான். போன மாதம் சிட்டுவுக்கு அரிசி கொடுக்கப் போனபோது எதிர் மாடிப்படியிலிருந்து எடுத்ததாம். அந்த ஒளி ஆயிரத்தில் ஒரு தடவைதான் அமையுமாம். அதிலும் தன் கொள்கையை அவன் விடவில்லையாம். சிட்டுவின் முகம் இல்லை, குழந்தையின் முகம் இல்லை. நிழலைப் பார்த்து யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

அண்ணி பாக்கெட்டைக் காட்டினாள். சிவப்பு நூலைக் காட்டினாள். அவன் தலையைச் சாய்த்து, தன் படத்திலேயே இன்று முதல் தடவையாக ஒரு பாக்கெட்டைப் பார்ப்பவன் போலப் பார்த்தான்.

"மாப்பிள்ளை கலை பாக்கவா வரப்போறாரு?"

"அத்தை கூப்பிட்டிருக்காங்க. கிளம்பிட்டாராம்."

"வந்தா வரட்டுமே. கொஞ்சம் கோபக்காரர். அவ்வளவுதானே? இவளும் மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டு, அதுக்கும் அவரைச் சொல்லிக்கிட்டு..."

அண்ணி உறையைப் பிரித்தாள். உள்ளேயிருந்த கறுப்புத் தாளை எடுத்து, வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். ஒரு மணிக்கட்டு வெள்ளையாக ஒளிர்ந்தது.

"இதுவும் உங்க தங்கச்சி படம்தான். இதுலயும் முகம் இல்ல. பாருங்க."

பார்த்தான். படம் பார்ப்பது அவன் தொழில். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"எலும்புல இந்தக் கீறல் புதுசு. மாடிப்படின்னு சொன்னாளே, அது. கீழ இருக்கு பாருங்க, இது பழசு. உடைஞ்சு தானா கோணலா ஒட்டிக்கிட்டது. இதுக்கு அவ எந்தப் படியும் சொல்லல."

சாரத்தின்மேல் யாரோ பிரஷ்ஷை வாளியில் தட்டுகிற சத்தம் கேட்டது. லென்ஸின் கை தன்னிச்சையாகக் கழுத்தில் தொங்கிய கேமராவைப் பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொள்ள வேறு ஒன்றும் இல்லை அவனிடம்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க எங்கங்க கேட்டீங்க?"

கடைசி வரிசைத் தாள் தரையில் விரித்துக் கிடந்தது. அதன் வலது ஓரத்தில் இருந்ததை இருவரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். தகரக் குடை. சிட்டுவின் அறைக்குக் கீழே இருக்கிற குடை ரிப்பேர் கடையின் கூரையில், விளம்பரத்துக்காக விரித்து நிற்கிற ஆள் உயரத் தகரக் குடை. ஊரில் இன்னொன்று கிடையாது. கவுன், இது யார் வீட்டுக் குழந்தை என்று சொன்னது. குடை, எந்தத் தெரு, எந்தக் கடை, எந்த மாடி என்று சொன்னது.

விழாவை நிறுத்தச் சொல்லித் தலைவியிடம் போனான் லென்ஸ். அவர் சிரித்தார். விருந்தினர்கள் பாதி வழியில் வந்துவிட்டார்கள், ஒட்டிய தாள் காய்ந்துவிட்டது, சுரண்டி எடுக்க இரண்டு நாளாகும் என்றார். கடைசி வரிசையை மட்டுமாவது விட்டுவிடலாமே என்றான். அதில்தான் பெயிண்ட் கம்பெனியின் பெயர் வருகிறது, அது இல்லாமல் எப்படி என்று தலைவிக்கு முகம் சுருங்கிவிட்டது.

அந்த நிமிஷத்தில்தான் லென்ஸுக்கு வாழ்க்கையில் முதல்முறையாகப் பயன்படுகிற ஒரு யோசனை வந்தது. பெயிண்ட் கம்பெனியின் பெயர் மிகவும் சின்னதாக இருக்கிறது, அவர்கள் பெருந்தன்மைக்கு இது போதாது, வலது மூலை முழுக்க அவர்கள் பலகையே வரட்டும் என்றான். தலைவிக்குக் கண் கலங்கிவிட்டது. கலைஞர்கள் இவ்வளவு விட்டுக்கொடுப்பார்கள் என்று தான் எதிர்பார்க்கவே இல்லை என்றார்.

தகரக் குடையின் மேல் கம்பெனியின் பலகை, அதில் ஒரு பெயிண்ட் டப்பாவின் படம், ஏறியது. லென்ஸ் செய்ததிலேயே யாருக்காவது உபகாரமான கலை அதுதான்.

கவுனை ஒன்றும் செய்ய முடியவில்லை. அது எட்டாத உயரத்தில் காய்ந்துகொண்டிருந்தது.

மாலையில் தலைவி கயிற்றை இழுக்க, சுவரை மூடியிருந்த வெள்ளைத் துணி சரிந்து விழுந்தது. கை தட்டினார்கள். அத்தை எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார். அண்ணி சுவரைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை பின்வரிசையில் நின்றிருந்தார். மடிப்புக் கலையாத சட்டை, கையில் நூல்கண்டுப் பை. எல்லாரும் படத்தை அண்ணாந்து முழுசாகப் பார்க்க, அவர் மட்டும் ஒரே இடத்தைப் பார்த்தார். துணிக்கடையில் புடவையின் கரையைப் பார்ப்பது மாதிரி, அவசரமில்லாமல், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு.

பிறகு மெதுவாக நடந்து இவர்களிடம் வந்தார்.

"நல்லா இருக்கு மச்சான். பாக்கெட் நான் வெச்சது."

லென்ஸ் உதட்டை நனைத்துக்கொண்டான். "ஆமா மாப்பிள்ளை. பழைய படம். சிட்டு உங்க வீட்டுல இருந்தப்ப எடுத்தது."

"அப்படியா?" மாப்பிள்ளை புன்னகைத்தார். மறுபடி மேலே பார்த்தார். "வளர்ற பிள்ளையாச்சேன்னு கீழ நாலு விரல் மடிச்சு விட்டுத் தைச்சிருந்தேன். இப்ப மடிப்பைப் பிரிச்சு இறக்கி விட்டிருக்கே. மடிப்புக்குள்ள இருந்த துணி பாருங்க, சாயம் போகாம பட்டையாத் தெரியுது. நான் இறக்கல மச்சான்."

சுவரில், கவுனின் அடியில், அந்தக் கரும்பச்சைப் பட்டை ஒரு சாலை மாதிரி நீளமாகக் கிடந்தது.

"தையலும் கோணலா ஓடியிருக்கு." குரல் இன்னும் தணிந்தது. "கை இன்னும் சரியாகல போலிருக்கு."

அண்ணி பையைத் தன் மார்போடு அணைத்துக்கொண்டாள். அவர் அவளுக்கு ஒரு சின்ன வணக்கம் வைத்தார். எந்த இடம் என்று கேட்கவில்லை. பெயிண்ட் டப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். படத்தில் மற்றதெல்லாம் வெயில் பட்டு மங்கலாகத் தெரிய, அது மட்டும் இப்போதுதான் கடையிலிருந்து வந்த மாதிரிப் பளபளத்தது. எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறார்கள் என்பது ஒரு தையல்காரருக்குத் தெரியாதா?

மேடையில் லென்ஸைப் பேசக் கூப்பிட்டார்கள். போனான். மைக்கைப் பிடித்துக்கொண்டு, "முகம் காட்டினா அது..." என்று ஆரம்பித்தவன் அங்கேயே நின்றுவிட்டான். உணர்ச்சிப்பெருக்கு என்று நினைத்துக் கூட்டம் கை தட்டியது.

அந்தக் கைதட்டலுக்கு நடுவேதான் குழுவின் தொண்டர்கள் தட்டுகளோடு வந்தார்கள். ஆளுக்கொரு ஞாபக அட்டை. அண்ணியின் கையிலும் ஒன்றைத் திணித்துவிட்டுப் போனார்கள். வழவழவென்ற அட்டையில் அதே படம். கொடி, கவுன், நிழல். வலது மூலையில் பெயிண்ட் டப்பா இல்லை. தகரக் குடை இருந்தது.

அட்டை முந்தாநாளே அச்சாகிவிட்டது. இன்று காலை முழுக்க உட்கார்ந்து அத்தனையிலும் கையெழுத்துப் போட்டவன் லென்ஸ்தான். சுவரை மூடத் தெரிந்தவனுக்கு, தான் கையெழுத்துப் போட்டது மறந்துபோயிற்று. அந்தக் கையெழுத்துக்கு ஒரு நீண்ட வால் உண்டு. பள்ளிக்கூட நாளிலிருந்து பழகி வைத்த வால். அது நேராக ஓடி, தகரக் குடைக்கு அடியில் கோடு போட்டு முடிந்திருந்தது.

அண்ணி நிமிர்ந்தாள். மாப்பிள்ளை தன் அட்டையைப் படித்து முடித்து, சட்டைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டிருந்தார். சிவப்பு நூல் போட்ட பாக்கெட். பிறகு பஸ் ஸ்டாண்டு வாசலில் ஆட்டோக்கள் நிற்கிற பக்கமாக நடந்தார். ஓடவில்லை.

லென்ஸ் மேடையிலிருந்து மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டான். அவள் அட்டையைத் தூக்கிக் காட்டினாள். மைக்கை அப்படியே போட்டுவிட்டுக் குதித்தான். பைக் சாவி கேமராப் பைக்குள், கேமராப் பை தலைவியின் காருக்குள், காரோட்டி எங்கேயோ டீ குடிக்கப் போயிருந்தார். "நீ போ, நான் வந்துடறேன், நீ போ" என்று கத்தினான்.

அவள் ரோட்டைக் கடந்து பஸ் ஸ்டாண்டுக்குள் ஓடினாள். சிட்டுவுக்கு வேலை முடிய இன்னும் நேரமிருந்தது. குழந்தை இந்நேரம் குடைக் கடை வாசலில் உட்கார்ந்து கம்பிகளை எண்ணி விளையாடிக்கொண்டிருக்கும். அப்பாவைப் பார்த்தால் எழுந்து ஓடுமா, ஓடிவருமா? அதற்கு ஐந்து வயது. எதுவும் செய்யும்.

அந்த வழியில் போகிற பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஆட்டோ நெரிசலில் மாட்டும், பஸ் புறவழியில் போகும், முன்னால் போய்விடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே படியில் தொற்றி ஏறினாள். கதவு மூடியது. பஸ் நகர்ந்தது. அப்போதுதான் மூச்சை விட்டாள்.

முன்பக்கத்தில் கண்டக்டர் யாரிடமோ ஓர் அட்டையைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் குடையா? தெரியாம என்ன, கடைசி ஸ்டாப்புக்கு முந்தினது. இறங்கினா எதிர்லயே நிக்கும்."

அட்டையை வாங்கிக்கொண்ட கை அதை மடிக்காமல், கசக்காமல், பாக்கெட்டில் வைத்தது. அந்த ஆள் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு, நூல்கண்டுப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலோரமாக நகர்ந்து இடம் விட்டார்.

"உட்காருங்க அக்கா" என்றார். "ஒரே இடத்துக்குத்தானே போறோம்."